நாற்பத்தேழே முக்கால்

கரடிப்பாறைப் பூங்கா திறப்பது மார்ச் பதினாலு.
நாக்ஸ்வில்லிலிருந்து ஒரு மணி நேரம் என்கிறது வரைபடம்.
பான்கேக் கடைகளையும் மெழுகுபொம்மைக் கூடத்தையும்
ஊர்ந்து கடந்தவனுக்குத் தெரியும்,
ஒன்றே முக்கால்.

பள்ளி விடுமுறை ஒன்பது நாள்.
முதல் ஐந்து வாசவிக்கு, மிச்சம் நான்கு எனக்கு.
நீதிபதி நியாயமாகத்தான் பிரித்தார்.
வானிலைதான் கட்சி சேர்ந்துவிட்டது:
அவள் பங்கில் ஐந்து வெயில்,
என் பங்கில் வியாழன் நாற்பது சதவீதம்
வெள்ளி அறுபது.
சனிக்கிழமை பரவாயில்லை, ஆனால்
அன்றைக்கு ஒகையோ மாநிலமே
குடும்பத்தோடு இறங்கி வந்து வரிசையில் நிற்கும்.

கீழே இங்கே ரெட்பட் மரங்கள் பூத்துவிட்டன,
கார் கண்ணாடியெல்லாம் மஞ்சள் மகரந்தம்.
மேலே, அந்த மலையில்,
போன வாரம்கூடப் பனி விழுந்திருக்கிறது.
ஆகவே ஸ்வெட்டரும் எடுக்கணும், மழைக்கோட்டும் எடுக்கணும்,
தும்மல் மாத்திரையும்.

மருந்துக் கிடங்கின் பழைய சரக்குச்சீட்டு ஒன்றைத்
திருப்பிப்போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கார் நிறுத்த இருபத்தைந்து டாலர்.
வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை,
மருத்துவக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு.
எலுமிச்சைச் சாதம் இல்லாவிட்டால்
மதியம் இரண்டு மணிக்கு நான் என்ன ஆவேன் என்பதை
எந்த டாக்டர் எழுதித் தருவார்?
காரிலேயே வைத்துச் சாப்பிடலாம். கையில் முத்திரை குத்திக்கொண்டு
திரும்ப உள்ளே வரலாம். விசாரித்துவிட்டேன்.

பிறகு, பருந்து ரயில்.
மலையின் விளிம்பில் தொங்கி
ஒரு மூச்சு நின்று
விழும்.
நாற்பத்திரண்டு அங்குலத்துக்குக் கீழே ஏற முடியாது.
நாற்பத்தெட்டு வரை பெரியவர் துணையோடு.
அதற்கு மேல் துணை தேவையில்லை.

போன வசந்தத்தில் இயல் நாற்பத்தைந்து.
ஏழு முறை ஏறினோம்.
எதிரே இருந்த கம்பியை விட்டுவிட்டு
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நான்கு நகத்தடங்கள், செவ்வாய்க்கிழமை வரை இருந்தன.
ஏழு முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது
அவளுக்குத் தெரியாது.

நேற்று வீடியோவில் அளந்தோம்.
அவள் அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் முதுகை ஒட்டி நிற்க,
தலைமேல் ஒரு கணக்குப் புத்தகம்,
தையல் டேப்போடு வாசவியின் கை மட்டும்.
"குதிகாலைத் தூக்காதே. நாற்பத்தேழே முக்கால்."
"போச்சு" என்றாள் இயல்,
உலகத்தில் மிச்சம் ஒன்றும் இல்லாதவள் மாதிரி.
திரைக்கு வெளியிலிருந்து வாசவி:
"தடிச்ச ஷூவா வாங்கிக் குடேன்."

ஒரு வருடமாக எங்களுக்குள்
எத்தனை மணிக்குக் கூட்டிப்போவது
பல் டாக்டர் பில்லை யார் கட்டுவது
இவ்வளவுதான் தமிழ்.
நான் சிரித்தேன்.
அவளும் சிரித்திருக்கலாம், அதற்குள்
படம் உறைந்துவிட்டது.

இப்போது மணி பதினொன்றரை.
கடைக்கூடையில் இரண்டு ஜோடி கிடக்கின்றன.
ஒன்று மெல்லிய கேன்வாஸ், ஊதா, பாதி விலை.
இன்னொன்றுக்கு அடிப்பாகம் மட்டும் ஒரு அங்குலம்,
புதன்கிழமை வந்து சேரும்.
கால் அங்குலம்தான் குறைகிறது, ஆனால்
கடை கேட்பதோ கால் அளவை.
அது எனக்குத் தெரியவில்லை.
போன குளிர்காலத்தில் ஒன்று,
அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் அங்கேதான்.

அழைக்க நேரமில்லை. குறுஞ்செய்தி அனுப்பினேன்.
உடனே பதில்: இரண்டு. கொஞ்சம் அகலமாப் பாரு.

ஊதாவை எடுத்துவிட்டேன்.
தடித்ததற்குப் பணம் கட்டிவிட்டேன்.
சீட்டின் அடியில், இடம் இருந்த மூலையில்
சின்னதாக எழுதி வைத்தேன்:
பருந்து ரயில் இறங்கும் வாசலில்
உட்கார பெஞ்சு உண்டா,
கேட்கணும்.